யோகநாதனுக்கு ஒரு போத்தல் நெல்லிச்சாறு

— வெந்தயத்தை இன்னும் கொஞ்சம் போடு நஸீறா. கணக்குப் பாக்காமல் போடு.

— போடுறேன் நாகேஸக்கா. அடுப்படிக்கு வாறீங்க, ஜன்னலுக்கு ஓடுறீங்க. கொஞ்சம் இரிங்களேன்.

— இருக்கேலாது. ட்ரக் சத்தம் கேக்கேல்லையோ உனக்கு?

— அது தெஹிவள பஸ். விடிஞ்சதில இரிந்து எல்லாச் சத்தமும் உங்களுக்கு ட்ரக் சத்தம்தான்.

— சாமி கும்பிட்டுக்கொண்டு நிண்ட என்ரை மனிசனைக் கட்டின வேட்டியோடை ட்ரக்கிலை ஏத்திக்கொண்டு போனவங்கள். ஒரு சேட்டுக் கூடப் போட விடேல்லை. லேனிலை பிடிச்ச மற்ற ஆம்பிளையள் எல்லாரும் வந்திட்டினம். யோகநாதனை மட்டும் ஏன் விடேல்லை?

— விடுவாங்க. எங்கட வீட்டுக்காரர் ஷிப்லி பொலிசுக்குப் போயிரிக்கிறாரே, சிங்களத்தில கதச்சு எடுத்துருவார்.

— இஞ்சி நசுக்கினியோ? கறுவாப்பட்டை?

— எல்லாம் போட்டாச்சு. நெல்லிக்காயும் அரச்சு வடிச்சாச்சு. ஒரு வாய் குடிச்சுப் பாத்தேன், யா அல்லாஹ், நாக்கு சுருண்டு போச்சு.

— கைச்சாத்தான் வேலை செய்யும். இந்தத் தண்ணிதான் அவற்ரை டயபிற்றீஸை ஒரு கட்டுக்குள்ளை வைச்சிருக்கு. ஒருநாள் நான் தவறவிட்டதில்லை. இண்டைக்கும் விடமாட்டன், பொலிசெண்டாலும் சரி, ஆமியெண்டாலும் சரி.

— கொண்டு போற ஆள ஒரு வாய் குடிக்கச் செல்லித்தான் உள்ள விடுவாங்களாமே? ஷிப்லி இதக் குடிச்சு முகத்தச் சுளிச்சா, வெசம் எண்டு அவரயும் புடிச்சுப் போடுவாங்க.

— பகிடி விடுற நேரமே இது?

— அழுறதுக்குப் பதிலாத்தான் கதைக்கிறேன் அக்கா. பொறுங்க, கதவு! எங்கட ஷிப்லிதான்.

— தம்பி, எங்கை அவர்? கூட்டிக்கொண்டு வரேல்லையோ?

— மொதல்ல இரிங்க அக்கா.

— ஆரும் என்னை இரு எண்டு சொல்லாதேங்கோ! சொல்லு.

— உள்ள வெச்சிரிக்காங்க. கொச்சிக்கடை வேர்ஹவுஸ்ல கிளாக் வேல செய்றவர், நல்ல மனிசன், எத்தினையோ வருசமாத் தெரியும் எண்டு கெஞ்சினேன். கேக்குறானுவள் இல்ல. இவனுக்கு ஏன் இப்பிடி வேர்க்குது, ஏன் கை நடுங்குது, மடியில ஏதோ இரிக்கப் போய்த்தானே எண்டு செல்றாங்க.

— ஐயோ, அது பயத்திலை நடுங்கிறது.

— அது மட்டும் இல்ல அக்கா. எந்த ரோட்டில இரிக்கிற எண்டு கேட்டா, கோண்டாவில் எண்டு செல்றார். கொழும்பு வெள்ளவத்தையில இரிக்கிற மனிசன், யாழ்ப்பாணத்து ஊரச் செல்றார்! அதோட அவங்கட முகமே மாறிட்டு. பின்னேரம் வேற எடத்துக்கு மாத்தப் போறாங்களாம்.

— வேற இடத்துக்குப் போனவையிலை ஆர் திரும்பி வந்தது? நஸீறா, போத்தலைத் தா! இது வயித்திலை போனா மனிசன் தெளிவாக் கதைப்பார். பிடி தம்பி, ஓடு.

— ஓடுறேன். ஆனாக் குடிப்பாரோ தெரியா. எல்லாருக்கும் குடிக்கச் சீனி போட்ட பிளேன்ரீயும் திங்கப் பணிசும் குடுத்திரிக்காங்க, அண்ணன் தொடவே இல்ல. நானும் ஊட்டிப் பாத்தேன், பல்லக் கடிச்சுக்கொண்டு இரிக்கார். "நாகேஸ் வேண்டாம் எண்டவ" எண்டு அத மட்டும் திருப்பித் திருப்பிச் செல்றார்.

— ஓம், நான்தான் சொன்னனான். ட்ரக்கிலை ஏத்தேக்கை படியிலை நிண்டு கத்தினனான். அங்கை தாற ஒண்டிலையும் வாய் வைக்காதேங்கோ, சீனி ஏறிடும் எண்டு.

— அப்ப விடிஞ்சதில இரிந்து பட்டினியா அக்கா?

— சாமி கும்பிட்டிட்டுத்தானே நஸீறா சாப்பிடுறவர். நான் ஊசியைப் போட்டுவிட்டன், அவர் போய்ப் படத்துக்கு முன்னாலை நிண்டார், அதுக்குள்ளை அவங்கள்... தம்பி, அவற்ரை கை சுட்டுதோ, குளிர்ந்துதோ?

— ஐஸ் மாதிரி.

— கடவுளே!

— என்ன அக்கா? போத்தலப் பறிச்சு ஏன் சிங்குக்குள்ள ஊத்துறீங்க? இவ்வளவு கஷ்டப்பட்டுச் செஞ்சு!

— இன்சுலின் ஏத்தின உடம்பு, ஒரு பருக்கை உள்ளை போகேல்லை! சீனி ஏறேல்லை நஸீறா, அடியோடை இறங்கிப் போச்சு. அதுதான் அந்த நடுக்கம், அதுதான் அந்தப் பிதற்றல். ஏறிடும், ஏறிடும் எண்டே பயந்து பழகின பாவி நான், இன்னும் இறக்கப் பாத்தனே! ஓடு, உன்ரை வீட்டுச் சீனி டின்னை எடுத்துக்கொண்டு வா. முழு டின்னையும்!

— கரைச்சுத் தாங்க, நான் பறந்து போறேன். ஏன் அக்கா செருப்புப் போடுறீங்க? நீங்க வராதீங்க. உங்கட ஐடென்ரிக் கார்ட்டில யாழ்ப்பாணம் எண்டு இரிக்கி, உங்களயும் உள்ள வெச்சிருவாங்க.

— வைக்கட்டும் தம்பி. நான் வாயாலை சொல்லாமல் அந்த மனிசன் சீனியைத் தொடாது.