சுவரில் நிற்கும் வேட்பாளர்

உலக யுத்தம் முடிந்த மறுவருஷம், மெட்டுகுடாவில் மண்ணெண்ணெய் வரிசை. எனக்கு முன்னால் ரயில்வே பட்டறைக்காரர்கள் இருவர் காலி டின்னோடு நின்றார்கள். மூத்தவர் சாதாரணமாகச் சொன்னார்:

“எங்க வார்டுல நிக்கிறவருக்கு நேத்து முதல் திவசம்.”

இளையவர் திரும்பிப் பார்த்தார். “தேர்தல்ல நிக்கிறவருக்கா அண்ணே?”

“ஹவ், ஆமா. மனுஷன் போய்ச் சேர்ந்தாச்சு, தேர்தல்தான் இன்னும் வரல. எங்க வீட்டுச் செவுத்துல அவர் பேரு அப்படியே இருக்கு. தேர்தல் முடிஞ்சதும் நாங்களே வெள்ளையடிச்சுத் தர்றோம்னு எழுதினவங்க சொன்னாங்க. பொங்கல் பொங்கலா போயிட்டிருக்கு, வீட்டுக்காரி என்னைத் திட்டறா.”

“சண்டை முடிஞ்சதும் தேர்தல் நடத்தறோம்னு சர்க்கார்ல சொன்னாங்களே?”

“சண்டை முடிஞ்சுது. இப்ப ஊர் அமைதியாகட்டுங்கறாங்க.”

“அமைதியாத்தானே இருக்கு?”

“எங்க இருக்கு? தேர்தல் எப்பன்னு நீ கேக்கறியே!”

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. இளையவர் டின்னைக் காலால் தள்ளினார்.

“வீட்டுவரி கட்டறவங்களுக்கெல்லாம் ஓட்டு உண்டுன்னு சொன்னாங்க.”

“சொன்னாங்க. வரியை மட்டும் ஒரு தடவையும் தள்ளிப்போடல.”

“சரி, செத்தவருக்குப் பதிலா வேற ஆளை நிறுத்தலையா?”

“நிறுத்தினாங்க. அவருக்கு இப்ப நெஞ்சுவலி, லாலாகுடா ஆஸ்பத்திரில படுத்திருக்காரு.”

“அப்ப உங்க ஓட்டு யாருக்குண்ணே?”

“போனவருக்குத்தான். இனிமே எத்தனை வருஷம் தள்ளிப்போட்டாலும் தாங்கறவர் அவர் ஒருத்தர்தான்.”