தானா கழலாத ஸ்க்ரூ

— கதவைத் தூக்கிப் பிடிங்கன்னா, கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே!

— கனக்குது மேஸ்திரி. பேருதான் சமையக்கட்டு அலமாரிக் கதவு. கோட்டைக் கதவு தோத்துப்போகும்.

— கட்டின பொண்டாட்டியை மேஸ்திரிங்கறதுல ஒரு பவுசு! அடியில ரெண்டு தடிப் புத்தகத்தை வைங்க. கதவு அது மேல உக்காந்துக்கும். எத்தனை வருஷமா சொல்றேன்.

— சொல்லு, சொல்லு. நாற்காலியை விட்டு மட்டும் எந்திரிச்சுடாத.

— எங்க எந்திரிக்க? கட்டில்லேர்ந்து இங்க வர்றதுக்குள்ளயே மூச்சு வாங்கிடுச்சு. சிங்க்ல ஒரு துணியைப் போட்டு மூடுங்க. ஸ்க்ரூ விழுந்தா ஓட்டை வழியா போயிடும்.

— போட்டாச்சு. தீக்குச்சி எடுத்துட்டு வரவா?

— அட! தீக்குச்சி எதுக்குன்னு தெரியுமா உங்களுக்கு?

— பசையில தோய்ச்சு ஓட்டைக்குள்ள சொருகணும். காஞ்சதும் நீட்டிக்கிட்டு நிக்கிறதை நறுக்கிட்டு முடுக்கணும். அப்புறம் அசையாது. நீ சொன்னதுதானே.

— பரவாயில்லையே! அந்த ஸ்க்ரூவைக் குடுங்க, பாப்போம்.

— பாலைக் குடிச்சுட்டுப் பாரேன். ஆறுது.

— வேலை முடியட்டும்.

— வேலைன்னாதான் உனக்குப் பசியே வரும். நேத்தெல்லாம் ஒரு வாய் தொடலை.

— திங்கக்கிழமை நல்லாத்தானே சாப்பிட்டேன்? பாத்ரூம் குழாய் ஒழுகுச்சே, அன்னிக்கு.

— ம்.

— அதுக்கு முந்தி திரைச்சீலைக் கம்பி ஒரு பக்கமா சாஞ்சு தொங்குச்சு. அதுக்கும் முந்தி ரூம் கதவோட கைப்பிடி. நான் படுத்ததுலேர்ந்து இந்த வீட்டுக்கு என்னதாங்க வந்துச்சு?

— பழைய வீடு. அதுக்கும் வயசாகுதில்ல?

— ஏங்க, இந்த ஓட்டையைத் தொட்டுப் பாருங்க. மரம் கிண்ணுனு இருக்கு. கீல் தானா கழண்டிருந்தா ஓட்டை விரிஞ்சு தூள் உதிரும்.

— அப்படியா?

— ஸ்க்ரூ தலையைப் பாருங்க. வரிவரியா கீறல். இது காய் நறுக்குற கத்தியால திருகினது.

— பால்ல ஆடை படியுது பாரு.

— என் பெட்டியில அத்தனை ஸ்க்ரூ டிரைவர் இருக்க, போயும் போயும் கத்தியா கிடைச்சுது?

— பெட்டி உன் கட்டிலுக்கு அடியில இருக்கு. இழுத்தா முழிச்சுக்குவ.

— குழாயும் நீங்கதானா?

— நான்தான்.

— பைத்தியமா உங்களுக்கு?

— ஆமா, பைத்தியம்தான். இனிமே மருந்து வேண்டாம்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்த. நான் கூப்பிட்டேன், திரும்பலை. மக போன்ல அழுதா, அப்பவும் திரும்பலை. அந்தக் கைப்பிடி மட்டும் நிஜமாவே கையோட வந்துச்சு. சத்தம் கேட்டு நீயா எந்திரிச்சு வந்த. 'இதுகூடத் தெரியாதா'ன்னு வாய் வலிக்கத் திட்டின. திட்டி முடிச்சு ரெண்டு ரொட்டி சாப்பிட்ட. நான் வேற என்னம்மா பண்றது? எனக்குக் கழட்ட மட்டும்தான் தெரியும்.

— அழாதீங்க. கதவு ஆடுது.

— கோவமா?

— எனக்கு அந்தக் கம்பியிலேயே தெரியுங்க. கீறலைப் பாத்தா தெரியாதா?

— தெரிஞ்சுமா எந்திரிச்சு வந்த?

— வரலைன்னா வீட்டையே பிரிச்சுப் போட்டிருப்பீங்க. நீங்க கத்தியைத் தூக்கிக்கிட்டு இருட்டுல தடவுறதை நினைச்சா என்னால படுக்க முடியலை. சரி, இந்தாங்க, ஸ்க்ரூவை வைங்க. முதல்ல மேல ஒண்ணு. உடனே இறுக்காதீங்க. கீழ இருக்கறதையும் போட்டுட்டு, ரெண்டையும் மாத்தி மாத்தி முடுக்குங்க. ம்... புத்தகத்தை உருவிடுங்க. கையை விடுங்க.

— நிக்குது! மேஸ்திரி, நானே போட்டுட்டேன், நிக்குது பாரு! இந்தா, பாலைக் குடி. நாளைக்கு...

— நாளைக்கு எதையும் கழட்டாதீங்க, ராசா. என்னால எந்திரிச்சு வர முடியாது.