முதலாமிடத்து மூளை

2025 மார்ச் 4, செவ்வாய்க்கிழமை காலை, உரும்பிராய். லண்டன், அவுஸ்திரேலியா வாடிக்கையாளர்களின் தொலைபேசி அழைப்புகளுக்கு நல்லூரிலிருந்து பதில் சொல்லும் நிறுவனம் ஒன்றில், ஊழியர்களுக்கான மூளைப் பயிற்சி நான்காவது மாதத்தில் இருந்தது. வேலையிடத்திலோ வீட்டிலோ நெற்றியில் மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு பட்டி; மனம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று அது நூற்றுக்கு மதிப்பெண் போடும். பெப்ரவரி முழுவதும் மதிப்பெண் பட்டியலில் முதலாவதாக நின்றவர் கோபிசங்கர். அவருக்கு அன்று விடுமுறை. மேற்பார்வையாளர் தயாளினி அவருடைய உரும்பிராய் வீட்டுக்கு வந்திருந்தார்.

தயாளினி: ...சீனி போடாதையும். உம்மடை தேத்தண்ணி குடிக்க வரேல்லை நான்.

கோபி: கொஞ்சமாப் போடுறன் அக்கா. முதன்முதலா வீட்டை வந்திருக்கிறியள்.

தயாளினி: கதையை மாத்தாதையும். நாளைக்குக் கொழும்பு ஆக்கள் வருகினம். அவைக்கு முன்னாலை நீர் பட்டியைத் தலையிலை போட்டுக் காட்டவேணும். அவ்வளவுதான்.

கோபி: நாளைக்கோ...

தயாளினி: ஓம். தொண்ணூற்றாறு எடுக்கிற மூளை எப்பிடி இருக்குமெண்டு பாக்க அவைக்கு ஆசை.

கோபி: எனக்கு ரெண்டு நாளாத் தடிமன் அக்கா.

தயாளினி: தடிமன் மூக்கிலை. பட்டி நெத்தியிலை.

கோபி: றெஜியைப் போடச் சொல்லுங்கோவன். உவன் ரெண்டாவதுதானே?

தயாளினி: உவனோ? பட்டியைப் போட்டவுடனை நித்திரையாப் போறான். எழுப்பினால், ஆழ்ந்த அமைதியிலை இருந்தனான் எண்டுறான். எழுபத்தொண்டுக்கு மேலை அசையிறான் இல்லை.

கோபி: எழுபத்தொண்டும் நல்ல மார்க்ஸ்தானே அக்கா...

தயாளினி: கோபி, இந்தக் கிழமை முதலாவதா நிக்கிற ஆளுக்குத்தான் பகல் டியூட்டி. அவுஸ்திரேலியாவிலையிருந்து வாற ரெலிபோன் கோல். விடியப் போனால் ரெண்டு மணிக்கு வீட்டை வரலாம். உமக்குத் தேவையில்லையோ?

கோபி: தேவையில்லையோ எண்டு கேக்கிறியள்! இப்ப வேலை முடிஞ்சு வர ராத்திரிப் பதினொண்டு தாண்டுது. அதுவரைக்கும் அம்மாவைப் பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் அக்காதான் பாக்கிறா. அம்மாவுக்குப் பொழுதுபடத்தான் குழப்பம் கூட... வீட்டுக்குள்ளை இருந்துகொண்டே வீட்டை போகவேணும் எண்டு நிப்பா. அந்த நேரம் நான் நிக்கவேணும் அக்கா.

தயாளினி: அப்ப வந்து போடுமன். ஏன் முழுசுறீர்?

கோபி: முழுசேல்லை...

தயாளினி: நவம்பரிலை நாப்பத்திரண்டு எடுத்த ஆள் நீர். பயிற்சி தந்த அந்த டொக்டர் தம்பி உம்மடை மார்க்ஸைப் பாத்திட்டு, இவருக்கு வீட்டிலை ஏதும் கரைச்சலோ எண்டு என்னட்டைக் கேட்டவர்.

கோபி: அவர் சொல்லுவார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோலைத் தொடக்கத்திலையிருந்து முடிவுமட்டும் மனசுக்குள்ளை ஆறுதலா எடுங்கோ எண்டவர். நான் கண்ணை மூடினால், காஸ் அடுப்பை நிப்பாட்டினனானோ எண்டுதான் வரும்.

தயாளினி: திரும்பத் திரும்ப மனசிலை செய்து பாத்தால் மூளைக்குள்ளை புதுப் பாதை விழும் எண்டவர்.

கோபி: என்ரை மூளையிலை பழைய றோட்டே குண்டும் குழியுமாக் கிடக்கு.

தயாளினி: பிறகெப்பிடித் தை மாதத்திலை தொண்ணூறுக்கு ஏறினது?

கோபி: அது... மூச்சுப் பயிற்சிதான்.

தயாளினி: என்ன மூச்சுப் பயிற்சி?

கோபி: உள்ளை இழுக்கிறது... பிறகு வெளியிலை விடுறது.

தயாளினி: அதை நானும் பிறந்த நாளிலையிருந்து செய்யிறன்.

அம்மா: யாழ்ப்பாணம்... ஓம், சொல்லுங்கோ... கொஞ்சம் பொறுங்கோ, கொழும்பு லைன் பிசி.

தயாளினி: ஆர் உள்ளை?

கோபி: அம்மா. அவ... ரீவியோடை கதைக்கிறா.

அம்மா: பருத்தித்துறை முதலாளி, கத்தாதையுங்கோ. குரல் கம்பியிலைதான் போகுது, காத்திலை இல்லை.

தயாளினி: ரீவியிலை பருத்தித்துறை முதலாளியோ? விலகும், நான் ஒருக்கால் எட்டிப் பாக்கிறன்.

கோபி: அக்கா, அறை கூட்டேல்லை... உடுப்பெல்லாம் பரவிக் கிடக்கு... அக்கா...

தயாளினி: கோபி.

கோபி: ...ஓம்.

தயாளினி: அம்மான்ரை தலையிலை இருக்கிறது எங்கடை பட்டி.

கோபி: ...ஓம்.

தயாளினி: அப்ப அந்தத் தொண்ணூற்றாறு?

கோபி: அவவின்ரை. ஏசுங்கோ அக்கா. ஏசாமல் நிக்காதையுங்கோ.

தயாளினி: முதல்லை சொல்லும். எப்பிடித் தொடங்கினது?

கோபி: பொங்கல் முடிஞ்ச கிழமை. நான் போட்டுப் பாத்து, முப்பத்தெட்டு வந்த கோவத்திலை கழட்டி மேசையிலை எறிஞ்சன். அவ எடுத்துத் தலையிலை கொழுவிக்கொண்டு, கதிரையை இழுத்துப்போட்டு நிமிந்து இருந்தா. கனகாலம் யாழ்ப்பாணத்து ரெலிபோன் கந்தோரிலை லைன் குடுக்கிற ஒப்பறேற்றரா இருந்தவவல்லோ? அந்தக் காலத்து ஹெட்போன் எண்டு நினைச்சிட்டா. மகனைத் தெரியாது, காலமை சாப்பிட்டது தெரியாது. ஆனால் கோல் எடுக்கிறா. ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டு, பதட்டமே இல்லை.

தயாளினி: டொக்டர் தம்பி சொன்ன பயிற்சியேதான்.

கோபி: ஓம். வைஃபையிலை கொழுவிக் கிடந்தபடியாலை மார்க்ஸ் தானா எங்கடை கந்தோருக்குப் போயிட்டுது. தொண்ணூறு! நான் வெருண்டுபோனன்.

தயாளினி: வெருண்டுபோய், அடுத்த நாளும் போட்டுவிட்டீராக்கும்.

கோபி: அடுத்த நாள் அவவே வந்து, எனக்கு டியூட்டி எண்டா. என்ன செய்ய? கழட்டின பிறகும் கனநேரத்துக்குக் குழப்பமில்லை அக்கா. குடுத்த சோத்தைச் சாப்பிடுறா. கேற்றடிக்கு ஓடுறேல்லை. நானும் கொஞ்சம் கண்ணயருவன்.

தயாளினி: அதுதானே பாத்தன்! மாசி மாதம் முழுக்க உம்மைப் பற்றி ஒரு முறைப்பாடும் இல்லை. ஒரு கிழவன் நன்றி சொல்லவெண்டே திருப்பி எடுத்தவர். பயிற்சி நல்லா வேலை செய்யுதெண்டு கொழும்புக்கு எழுதினனான் நான்.

கோபி: வேலை செய்ததுதானே அக்கா? ஆரின்ரை தலை எண்டதுதான் பிழை.

தயாளினி: பகிடி விடாதையும்.

அம்மா: ஆர் அதிலை நிக்கிறது? லைனுக்கோ?

தயாளினி: ...ஓம் மிஸ்.

அம்மா: எங்கையிருந்து?

தயாளினி: அச்சுவேலி. தபால் கந்தோர்.

கோபி: அக்கா, நீங்கள் மறுமொழி சொல்லத் தேவையில்லை. அவ தன்ரை பாட்டிலை கதைப்பா...

தயாளினி: சும்மா இரும்.

அம்மா: இருங்கோ பிள்ளை, வாங்கிலை இருங்கோ. லைன் வரக் கூப்பிடுறன்.

தயாளினி: வாங்கு... ஓம், அங்கை தபால் கந்தோரிலை ஆக்கள் இருக்க ஒரு நீட்டு மர வாங்கு கிடந்தது. அம்மாவும் நானும் அதிலைதான் இருப்பம். எனக்குக் கால் நிலத்திலை முட்டாது. அப்பா கொழும்பிலை, கொட்டாஞ்சேனையிலை வேலை. மாதத்திலை ஒருக்கால் ட்ரங் கோல். ரிசீவரைக் காதிலை வைச்சால் முதல்லை ஒரு பொம்பிளைக் குரல் வரும். கதையுங்கோ எண்டும். அதுக்குப் பிறகுதான் அப்பா. அந்த அன்ரியும் அப்பாவோடைதான் இருக்கிறா எண்டு கனநாளா நினைச்சனான்.

கோபி: அதை உங்கடை அம்மாட்டைச் சொன்னனீங்களோ?

தயாளினி: சொன்னனான். அடி வாங்கினனான்.

அம்மா: கொழும்பிலை ஆருக்கு எடுக்க?

தயாளினி: தியாகலிங்கத்துக்கு. கொட்டாஞ்சேனை... கொப்பி, புத்தகக் கடை.

அம்மா: தியாகலிங்கம்... மெல்லமாக் கதைக்கிற மனிசன். பிள்ளை சாப்பிட்டிட்டுதோ எண்டுதான் முதல் கேப்பார்.

கோபி: அவ எல்லாருக்கும் அதைத்தான் சொல்லுறவ அக்கா. போன கிழமை சின்னத்தங்கம் அக்காவின்ரை புருசனுக்கும் அதுதான்.

தயாளினி: இருக்கட்டும். எங்கடை அப்பாவும் அதைத்தான் கேப்பார்.

கோபி: எவ்வளவு காலம் எடுத்தனீங்கள்?

தயாளினி: எண்பத்துமூண்டு ஆடிக் கலவரம் வரைக்கும். அதுக்குப் பிறகு அம்மா தபால் கந்தோர்ப் பக்கம் போகேல்லை.

அம்மா: கெதியா வாங்கோ. சூப்பவைசர் தேத்தண்ணிக்குப் போயிட்டார். நேரம் முடிஞ்சாலும் நான் லைனை வெட்டமாட்டன்.

கோபி: சூப்பவைசர் இஞ்சை பக்கத்திலைதான் நிக்கிறா அம்மா.

தயாளினி: வாயை மூடும்.

அம்மா: கொழும்பு கிடைச்சிட்டுது. கதையுங்கோ.

தயாளினி: ...

அம்மா: கதை பிள்ளை. சும்மா பிடிச்சுக்கொண்டு நிண்டால் லைனை எடுத்துப்போடுவன். அங்காலை ஆக்கள் நிக்கினம்.

தயாளினி: ...சாப்பிட்டிட்டன் அப்பா.

கோபி: அக்கா...

தயாளினி: ஒண்டுமில்லை. அந்தத் தேத்தண்ணியைத் தாரும்.

கோபி: ஆறிப்போச்சு. வேறை ஊத்தட்டோ?

தயாளினி: வேண்டாம், இதுவே காணும்.

கோபி: அக்கா... நாளைக்குக் கொழும்பு ஆக்களுக்கு என்ன சொல்லுவம்? உண்மையைச் சொல்லுறன். பகல் டியூட்டி இல்லாட்டிலும் பரவாயில்லை. வேலை போனால்தான்...

தயாளினி: ஒருத்தரும் வரமாட்டினம்.

கோபி: என்ன?

தயாளினி: கொழும்பிலையிருந்து ஒருத்தரும் வரமாட்டினம். நீராச் சொல்லுவீரோ எண்டு பாத்தன். சொல்லேல்லை. தடிமன் எண்டீர்.

கோபி: அப்ப உங்களுக்கு முதலே...

தயாளினி: போன மாதம் ஒரு பின்னேரம் உம்மடை கோலை லைனிலை நிண்டு கேட்டுக்கொண்டிருந்தனான். ஒரு வெள்ளைக்காரி கொம்பனியிலை உள்ள கோவத்திலை உம்மை வாங்கு வாங்கெண்டு வாங்குறா. அந்த நேரம் பாத்து உம்மடை மூளை உரும்பிராயிலையிருந்து தொண்ணூற்றைஞ்சு எடுக்குது.

கோபி: ஐயோ... குழம்பினால் போட்டுவிடுங்கோ எண்டு சின்னத்தங்கம் அக்காட்டைச் சொல்லியிருந்தனான். மார்க்ஸ் போகுமெண்டு யோசிக்கேல்லை.

தயாளினி: அண்டைக்கு யோசிச்சிருந்தால் நான் இஞ்சை வந்திருக்கமாட்டன்.

கோபி: ஆரெண்டு பிடிக்கத்தான் இண்டைக்கு வந்தனீங்களோ?

தயாளினி: இல்லை. ஆரெண்டு போன கிழமையே தெரியும். நீர் டியூட்டியிலை நிக்கேக்கை வந்தனான். கேற்றடியிலை சின்னத்தங்கம் எல்லாத்தையும் சொன்னவ. உள்ளையிருந்து உம்மடை அம்மாவின்ரை குரல் கேட்டுது, அதே கதையுங்கோ. உள்ளை வரப் பயமாக் கிடந்தது, திரும்பிப் போயிட்டன்.

கோபி: அப்ப... என்ரை வேலை அக்கா?

தயாளினி: வேலை இருக்கு. பட்டியலிலையிருந்து உம்மடை பேரை நேற்று எடுத்திட்டன். பட்டி அம்மாவோடையே இருக்கட்டும். துலைஞ்சுபோச்செண்டு எழுதிக் குடுத்தாச்சு, இனி வைஃபையிலை மட்டும் கொழுவாதையும். பகல் டியூட்டி திங்கள் தொடக்கம் றெஜிக்கு.