எலி குடித்த வல்லாரைச் சாறு

பெல்மதுளையில் கொழும்பு பஸ் ஏறி உட்கார்ந்ததும் முன் சீட்டில் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: “எலி சாகலையாம், மதினி. வல்லாரைச் சாறு குடிச்ச எலிக்கு கரண்டு வச்சும் ஒண்ணும் ஆகலையாம்.”

நான் உடனே பத்திரிகையை விரித்து மறைந்துகொண்டேன். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தது இரத்தினபுரி தாண்டித்தான் தெரிந்தது.

மதினிக்குப் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு கொடுக்கப்போகும் முதல் நாள் அது. அதைத்தான் கரண்டு என்றார்கள்.

“பேப்பர்ல இருந்ததுன்னு மாஸ்டர் சொன்னாரு. அரைச்சு போத்தல்ல கொண்டாந்திருக்கேன். இப்பவே குடிச்சிருங்க.”

மதினி போத்தலை மடியில் வைத்துக்கொண்டார்.

“அந்த எலிக்கு என்னா வருத்தம், செல்வி? என்னா நோவு?”

“ஒரு வருத்தமும் இல்ல. நல்ல எலி.”

“எனக்கு கட்டி இருக்கே. மலையில ஒரம் போட்டா தேயிலை மட்டுமா வளருது? அதான் மொதல்ல புல்லு வெட்டுறோம். இந்தச் சாறு என்னைய காப்பாத்துற மாதிரி கட்டியையும் காப்பாத்திட்டா?”

அந்த மாஸ்டர் நான்தான். தினமும் வல்லாரைக் கஞ்சி குடித்துவிட்டு ஊருக்கே வைத்தியம் சொல்லும் எனக்கு இந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றியதில்லை.

செல்வி போத்தலை வாங்கி மூடியை இறுக்கினார். பிறகு, “அப்ப டாக்டர்கிட்ட கேட்டுட்டு குடிங்க” என்றார்.

“நீயே கேளு. ஒனக்குத்தான் சிங்களம் நல்லா வரும்.”

“எலிக் கதையையும் சொல்லவா?”

“சொல்லு, சிரிக்கட்டும். நான் பயந்துபோய் இருக்கேன்னும் சேத்து சொல்லிரு.”