அழித்தவர் பெயர் யோகராஜா

கையில் மணியும் கண்ணில் கண்டிப்புமாக இந்த அவையைக் கட்டிக் காத்துவரும் தலைவர் நகுலேஸ்வரி அம்மையார் அவர்களே! கிழமை முழுவதும் வேலைக்குப் போய், மிஞ்சுகிற ஒரேயொரு சனிக்கிழமை நித்திரையையும் தமிழுக்குத் தாரை வார்த்த ஆசிரியப் பெருந்தகைகளே! ஒரு கையில் வடைச் சட்டி, மறு கையில் வயலின் பெட்டி, இடுப்பில் கைக்குழந்தை என்று படியேறி வந்திருக்கும் தாய்மார்களே! கார் விட இடம் தேடி ரெய்னர்ஸ் லேன் தெருவெல்லாம் வலம் வந்து, வரவேற்பு நடனம் முடிந்த பிறகு வந்து சேர்ந்த தந்தையரே! லண்டனின் மறுகோடியில் உள்ள பார்க்கிங் என்ற ஊரிலிருந்து ரயில் மாறி ரயில் மாறி வந்திருக்கும் பெரியோர்களே! அனைவருக்கும் உங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் செயலாளன் யோகராஜாவின் பணிவான வணக்கம்.

முன்வரிசையில் சண்முகராசா அண்ணை கையை உயர்த்துகிறார். என்ன அண்ணை?

"பிள்ளையளை விட்டிட்டீர், யோகு! ஒவ்வொரு முறையும் சொல்லுறனீர்!"

ஓம் அண்ணை, விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை, வேண்டுமென்றேதான் விட்டேன். பதினெட்டு ஆண்டுகளாக எந்த மேடையில் ஏறினாலும் பிள்ளைகளை நான் விளிக்கும் ஒரு விளிப்பு உண்டு. அதை இன்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கவும் மாட்டேன். தலைவர் அவர்கள் மணியைச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும்.

அவையோரே, எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'இணைய வழியில் கூடிக் கற்றல்'. கூடி எழுதும் அந்த ஒன்லைன் பக்கங்களை வரும் பள்ளித் தவணையோடு மூடுவதா வேண்டாமா என்று இந்த விழா முடிந்ததும் கொமிற்றி வாக்கெடுக்கப் போகிறது. மூடுவதுதான் நல்லது என்று உங்களுக்கு நயமாகச் சொல்லிவிடும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். நானும் நாலு பக்கத்தில் எழுதினேன். எதுகை உண்டு, மோனை உண்டு, இரண்டு இடத்தில் நீங்கள் கை தட்டுவதற்கு இடைவெளியும் உண்டு. அது என் சட்டைப் பையில் இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.

நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஏழாம் வகுப்பு ஆசிரியை கீர்த்திகாவை உங்களுக்குத் தெரியும். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, கிழமை நாட்களில் ஆங்கிலப் பள்ளிக்கூடத்திலும் சனிக்கிழமைகளில் நம்மிடமும் படிப்பிக்கிற பிள்ளை. போன தவணை அவர் ஒரு புதுமை செய்தார். இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் இணையத்தில் ஆளுக்கொரு பக்கம் திறந்தார். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கலாம், ஓரத்தில் கருத்துச் சொல்லலாம். தலைப்பு, 'என் வீட்டில் ஒரு நாள்'. பெற்றோருக்கும் வட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினார். எதற்கு? பக்கத்தில் இருந்து பிள்ளையை உற்சாகப்படுத்த. நாங்கள் பக்கத்திலா இருந்தோம்? பக்கத்துக்குள்ளேயே இறங்கிவிட்டோம்!

மூன்றாம் கிழமை எல்லாப் பக்கங்களும் பரிசுக்காக நடுவரிடம் போயின. நடுவர் வெஸ்ட் ஈலிங்கில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர், நெருப்பு மனிதர். இரண்டே நாளில் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினார். கூடவே ஒரு குறிப்பு: "இருபத்திரண்டு பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். வீடு ஒன்றுதான் இருக்கிறது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எடுத்து வாசித்தேன். எல்லாப் பிள்ளைகளும் வைகறையில் எழுகிறார்கள்! எல்லாப் பிள்ளைகளும் நீராடித் திருநீறு அணிகிறார்கள்! எல்லா வீட்டிலும் மாலை ஆனதும் குடும்பமாகக் கூடி அமர்ந்து, அளவளாவி, அறுசுவை உணவு உண்கிறார்கள்! நம் ஹரோவில் இப்படி ஒரு தெரு இருந்தால் சொல்லுங்கள், நானும் அங்கே வீடு மாறுகிறேன்.

சிரிக்கிறீர்கள். இன்னும் கேளுங்கள். கிருஷாந் என்ற மாணவன், விடிந்தால் பொழுதுபட்டால் ஃபுட்போல் விளையாடுகிற பிள்ளை. அவன் பக்கத்தில் என்ன இருந்தது தெரியுமா? "என் பெயர் கிருஷாந். என் பெற்றோரின் ஒரே மகள் நான். சலங்கை கட்டிப் பரதம் ஆடுவேன்." ஓம் அவையோரே, ஒரே மகள்!

உடனே கொமிற்றியைக் கூட்டினேன். மேசையில் அடித்தேன். "பிள்ளையள் ஒண்டைப் பாத்து ஒண்டு எழுதியிருக்குதுகள்! இப்பவே களவு பழகினால் நாளைக்கு என்னத்துக்கு உருப்படப் போகுதுகள்? ஒருத்தருக்கும் பரிசு இல்லை. முதல் ஆர் தொடங்கினது எண்டு எனக்குத் தெரிய வேணும். அந்தப் பெயர் வேணும்!" என்றேன். என் குரல் உங்களுக்குத் தெரியும். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும்.

கீர்த்திகா அமைதியாக லப்ரொப் கணினியைத் திறந்தார். "அண்ணை, பெயர் கட்டாயம் வேணுமோ?" என்று கேட்டார்.

"ஓம், கட்டாயம்."

"அப்ப ஹிஸ்டரியைத் திறக்கிறன். நீங்களே பாருங்கோ."

அவையோரே, அந்தப் பக்கங்களுக்கு ஒரு குணம் உண்டு. எழுதியது, மாற்றியது, அழித்தது அத்தனையும் பெயரோடும் நாளோடும் மணியோடும் அவற்றில் நிற்கும். நாம் அழித்தோம், போயிற்று என்று நினைக்கிறோம். எங்கே போகும்? எங்கும் போகாது. கீர்த்திகா திரையில் இருந்த அம்புக்குறியை அழுத்த அழுத்த, நேற்று முந்தநாள் ஆகிறது, முந்தநாள் போன கிழமை ஆகிறது, பளபளப்பு உதிர்ந்து அடியிலிருந்து பிள்ளைகளின் எழுத்து எழும்பி வருகிறது. கிருஷாந்தின் பக்கத்தில் பரதம் போய்ப் பந்து வந்தது. மாற்றியது யார்? அவன் தகப்பன். அடுத்த பக்கம்? தாய். அடுத்தது? தாய் மாமன்! இருபத்திரண்டு பக்கங்களையும் பெரியவர்கள் மாற்றியிருந்தார்கள். ஒரு பிள்ளையும் ஒரு வரியும் களவெடுக்கவில்லை.

எல்லோரும் எங்கேயிருந்து எடுத்தார்கள்? ஒரேயொரு பக்கத்திலிருந்து. ஒரே மகள், பரதம் ஆடுகிறவள், என் மகள், பன்னிரண்டு வயது மிதுஷாவின் பக்கத்திலிருந்து. கீர்த்திகா அதன் ஹிஸ்டரியையும் திறந்தார். சிவப்புக் கோடுகள். வரிக்கு வரி சிவப்புக் கோடு. பதினொரு வரியில் பத்து வரி வெட்டப்பட்டிருந்தது. ஓரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் மூன்று இருபது. அழித்தவர் பெயர், யோகராஜா.

எனக்குத் தெரியாதா, நான்தானே செய்தேன் என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் அதை அழித்தல் என்று நான் நினைக்கவே இல்லையே! திருத்தினேன் என்றல்லவா நினைத்தேன்! பதினெட்டு ஆண்டுகளாக இதைத்தானே செய்தேன்? "அண்ணை, பிள்ளைக்கு ஒரு பேச்சு எழுதித் தாங்கோ" என்று போன் வரும். எழுதிக் கொடுப்பேன். பிள்ளை ஆங்கில எழுத்தில் எழுதிப் பாடமாக்கும், மேடையில் ஒப்புவிக்கும், கோப்பை வாங்கும், இறங்கும். இறங்கிய பிறகு அந்தப் பிள்ளையிடம் 'நீ சொன்னதற்கு என்ன பொருள்' என்று நாம் யாராவது ஒரு நாள் கேட்டோமா? கேட்டோமா தாய்மார்களே? கேட்டோமா தந்தையரே? கேட்கவில்லை. கோப்பையைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகள் எழுதியதை வாசித்தேன். என் முகம் சுட்டது. இதை எல்லோரும் பார்க்கிறார்களே, இருபத்திரண்டு வீட்டிலும் வாசிப்பார்களே, வாசித்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? அவ்வளவுதான் எனக்கு ஓடியது. பத்து நிமிடத்தில் வெட்டி எறிந்துவிட்டு அறுசுவையை எழுதினேன். அறுசுவை! அன்றைக்கு எங்கள் வீட்டில் ஃபிஷ் ஃபிங்கர்.

அதிர்ச்சி அதோடு முடியவில்லை. மகளின் ஏழாவது வரிக்கு ஓரத்தில் இரண்டு பிள்ளைகள் கருத்து எழுதியிருந்தார்கள். வரியோடு சேர்ந்து அவையும் மறைந்து போயிருந்தன. கீர்த்திகா அவற்றைத் திறந்து காட்டினார். கிருஷாந் எழுதியிருந்தான்: "என்ர அப்பாவும் அப்பிடித்தான்." பார்க்கிங்கிலிருந்து வருகிற துஷ்யா எழுதியிருந்தாள்: "எங்கட வீட்டிலும். நீ கவலைப்படாதே." அதற்கு என் மகள்: "நீயும் கவலைப்படாதே. சனிக்கிழமை கதைப்பம்."

தமிழில், அவையோரே, தமிழில்! ஒருவரும் சொல்லிக் கொடுக்காமல், கோப்பை இல்லாமல், மிரட்டல் இல்லாமல், பார்க்கிங்கில் ஒரு பிள்ளை, ஹரோவில் ஒரு பிள்ளை, தங்கள் மனத்தில் இருந்ததைத் தங்கள் தமிழில் ஒருவருக்கொருவர் சொல்லியிருக்கிறார்கள். 'தமிழில் கதையுங்கோ, தமிழில் கதையுங்கோ' என்று பதினெட்டு ஆண்டுகள் தொண்டை கிழியக் கத்தியவன் நான். அவர்கள் கதைத்தார்கள். நான் அழித்தேன்!

கீர்த்திகா லப்ரொப்பை மூடிவிட்டு இன்னும் ஒன்று சொன்னார். "உங்கட மகள் மூண்டு கிழமையா அந்தப் பக்கத்தைத் திறந்து பாக்கிறா அண்ணை. அவவின்ர பெயர் மேல தெரியும். கொஞ்ச நேரம் நிண்டிட்டுப் போயிடும். ஒரு எழுத்தும் அடிக்கேல்லை."

வீட்டுக்குப் போனேன். மனைவி தவநாயகியிடம் கேட்டேன். "இதோட தமிழ் ஸ்கூல் காணும், இனிப் போகேல்லை எண்டு எனக்கு எப்பவோ சொல்லிட்டாள். உங்களுக்குச் சொல்ல நீங்கள் எங்க இருந்தனீங்கள்?" என்றாள். மகளின் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். மேடைப் பேச்சாளன் அல்லவா, நல்ல சொற்களாகத் தேடித்தான் கேட்டேன். அவள் தலை நிமிராமல் சொன்னாள்: "இட்ஸ் ஓகே அப்பா. உங்கட தமிழ்தான் நல்லம்."

அடித்திருந்தால் கூட அவ்வளவு வலித்திருக்காது.

இப்போது சொல்லுங்கள். இந்தப் பக்கங்களை எதற்கு மூட வேண்டும்? பிள்ளைகள் கெட்டுப் போனார்கள் என்றா? நம் கையெழுத்து அகப்பட்டுவிட்டது என்றா? பின்னால் யாரோ "மானம் போகுது" என்று சொல்வது கேட்கிறது. போகட்டும் ஐயா! என் மானம்தான் முதலில் போனது. நான் இங்கேதான் நிற்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பிள்ளையின் எழுத்து போனால் பிள்ளையே போய்விடும். அதை யார் திருப்பித் தருவது?

அந்தப் பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். பூட்ட வேண்டியது நம் கைகளை. கீர்த்திகா சொல்கிறார், பெரியவர்கள் பார்க்க மட்டும், தொட ஏலாதபடி ஒரு ஏற்பாடு இருக்கிறதாம். இருபத்திரண்டு பக்கத்திலும் திருத்தி எழுதும் என் எடிற் உரிமையை எடுத்துவிடும்படி இன்று காலையே கேட்டுக்கொண்டேன். எடுத்துவிட்டார். இனி நான் பார்க்கலாம், தொட ஏலாது. அடுத்தது யார்? கையை உயர்த்துங்கள். கிருஷாந்தின் தகப்பனார் உயர்த்துகிறார், நன்றி தம்பி. அங்கே ஒரு தாயார். அந்த மூலையில் இருவர். சண்முகராசா அண்ணை, உங்களுக்கு அங்கே பக்கமே இல்லையே! பரவாயில்லை, உயர்த்திய கை உயர்ந்தபடியே இருக்கட்டும். வாக்கெடுப்பு நேரத்திலும் இந்தக் கைகளை நான் எதிர்பார்ப்பேன்.

முடிக்கப் போகிறேன். மற்றப் பிள்ளைகள் எழுதியது அவர்களுடையது, அதை நான் இங்கே சொல்ல மாட்டேன். என் மகளுடையதை வாசிக்கலாமா என்று அவளிடம் கேட்டேன். "வாசிக்கலாம். ஆனா ஒரு வேர்டும் மாத்தக் கூடாது" என்றாள். மாற்றவில்லை மகள். அப்படியே வாசிக்கிறேன்.

"என் பெயர் மிதுஷா. எங்கள் வீட்டில் மூன்று பேர். அம்மா காலமை வேலைக்குப் போவா. அப்பா பின்னேரம் வருவார். அப்பா மேடையில் நல்லாப் பேசுவார். எல்லாரும் கை தட்டுவினம். வீட்டில் அப்பா பேச மாட்டார். சாப்பிட்டியோ எண்டு கேட்டிட்டு ரூமுக்குள் போய்ப் பேச்சு எழுதுவார். நான் அப்பாவின் பேச்சை போனில் பார்ப்பேன். அதில் அவர் என் அன்புக் குழந்தைச் செல்வங்களே எண்டு சொல்லுவார். எனக்குத்தான் சொல்லுறார் எண்டு நினைச்சுக் கேட்பேன்."

கை தட்ட வேண்டாம். தயவுசெய்து தட்ட வேண்டாம்.

தலைவர் அவர்களே, ஆசிரியர்களே, பெற்றோர்களே, பொறுமையோடு கேட்டீர்கள், உங்களுக்கு என் நன்றி. தவநாயகிக்குப் பக்கத்தில், நாலாவது வரிசையில், தலையைக் குனிந்துகொண்டிருக்கும் என் அன்புக் குழந்தைச் செல்வமே! உனக்குத்தான் சொல்லுறன் மகள். வீட்டை போகேக்க காரில முன்னுக்கு இரு. நீ கதை, நான் கேக்கிறன். வணக்கம்.