குருவியின் தங்கை

போனில் எனக்கு ஒரு விரலால்தான் தட்ட வரும், டாக்டர். பதில்கள் மெதுவாக வருவதைப் பார்த்து, தன் இணையத் தோழி குருவி நிதானமாக யோசித்துப் பேசுகிறவள் என்று என் மகள் நம்பினாள்.

குருவி நான்தான். போலீசில் சொல்லி குருவியின் வீட்டாரைத் தேடப்போவதாகச் சொன்னீர்கள். வீண் அலைச்சல்.

பதினைந்து வயதில் மகள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். சண்டை எதுவும் இல்லை. நாள் முழுக்க ஊரார் துணியைப் பிரித்துத் தைத்துவிட்டு வந்து உட்காருவேன்.

"இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமில்ல."

"சாப்பிட்டியா?"

"ம்."

"யார்கூடடி அப்படிச் சிரிக்கிற?"

"ஐயோ அம்மா, சொன்னா உனக்குப் புரியாது. விடேன்."

ஆகவே, படம் வரைகிற பிள்ளைகள் சேர்ந்து பேசும் அவளுடைய குழுவில், அவள் வயதுப் பெண்ணாக நானும் சேர்ந்தேன். சமையலறையில் நான் தட்டினால் அறைக்குள் அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குத்தானே?

அங்கே ஆமை என்ற பெயரில் ஒரு பையன் இருந்தான். நல்ல பையன், குறை சொல்ல மாட்டேன். கொஞ்சம் திக்கும். அவனைப் பார்க்க நூலகத்துக்குப் போவதாகக் குருவியிடம் சொன்னாள், பெற்றவளிடம் சொல்லவில்லை. 'நீ திக்குவதை நடித்துக் காட்டிச் சிரிக்கிறாள்' என்று அவனுக்கு எழுதினேன். விலகிக்கொண்டான்.

பிறகு அவளுக்குக் குருவி மட்டும்தான். "நேர்ல வாடி, ஒரே ஒரு தடவை" என்று நச்சரிக்கத் தொடங்கினாள். வேறு வழியில்லை. குருவியை ஒரு பஸ் விபத்தில் முடித்தேன். செய்தி சொல்ல அவளுக்கு ஒரு தங்கையை உண்டாக்கினேன்.

அன்று மகள் என் மடியில் விழுந்து அழுதாள். "நீயாவது என்கூடவே இரும்மா." இதைக் கேட்க எத்தனை நாள் காத்திருந்தேன், தெரியுமா.

ஆனால் மெல்லத் தேறிவிட்டாள். பழையபடி 'ம்', பழையபடி 'ஒண்ணுமில்ல'. எவ்வளவுதான் பொறுப்பது? அதனால்தான் தங்கை மறுபடியும் எழுதினாள்: 'உன்னைப் பார்க்கத்தான் அக்கா அந்த பஸ்ஸில் ஏறினாள்.'

மாத்திரைகளை விழுங்குவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உடனே தூக்கிக்கொண்டு உங்களிடம் ஓடிவந்ததும் நான்தான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், டாக்டர். அவளிடம் மட்டும் வேண்டாம். பாவம், என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?