மாற்று மிசின்

சுவர் மணிக்கூட்டுக்குச் சாவி கொடுக்க வெள்ளிக்கிழமைதான் தோதான நாள். எட்டு நாள் ஓடும் மணிக்கூட்டுக்கு ஏழாம் நாள் கொடுத்துவிட்டால் ஒரு நாள் மிச்சம் இருக்கும். சறோஜினிதேவி அக்கா, புங்குடுதீவில் உங்கள் அப்பாவின் மணிக்கூட்டுக்கு ஆறு வருடம் சாவி கொடுத்தவன் நான்தான். முழங்கால் வருத்தத்தோடு அவருக்குக் கதிரையில் ஏற ஏலாது. அதற்கு நன்றி சொல்லிக் கனடாவிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அப்பா ஏன் அன்றைக்கு வள்ளத்துக்கு வரவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். களைப்பாக இருக்கிறது; ஆனாலும் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டிலும் அதே மணிக்கூடு இருந்தது. உங்கள் அப்பாவும் என் அப்பாவும் பதுளையில் கடை வைத்திருந்தபோது ஒரே நாளில் வாங்கியவை. எண்பத்துமூன்று கலவரத்தில் கடையை உடைத்தபோது எங்களுடையது கீழே விழுந்தது. அதற்குப் பிறகு நாளுக்கு ஒரு மணித்தியாலம் பிந்தும்.

அம்மாவுக்குக் கண் தெரியாது. அந்த மணி அடித்தால் நம்பவும் மாட்டா. "தம்பி, மணி என்ன?" என்று ஒரு நாளைக்கு நாற்பது தரம் கேட்பா. நான் மொழிபெயர்ப்பு நாவல் ஒன்று வாசித்துக்கொண்டிருந்தேன். பனிக்குள் ஒரு குதிரை வண்டி புறப்படும். அது அடுத்த ஊரைச் சேரமுன் அம்மா கேட்பா. ஏழு வருடமாக அந்த வண்டி ஊர் போய்ச் சேரவில்லை.

யாழ்ப்பாணத்தில் மணிக்கூடு திருத்தும் சில்வெஸ்ரர் அண்ணை கழற்றிப் பார்த்தார். "கூடு நல்ல தேக்கு. மிசின்தான் முடிஞ்சுது. இதே மாதிரி மிசின் ஒண்டு கிடைச்சால் கொண்டுவாரும்." தேடாத இடமில்லை. கொழும்புக்கும் எழுதினேன். பற்றரி மிசின் பூட்டச் சொன்னார்கள். பிறகு சண்டை தொடங்கி, பற்றரிக்கே தடை வந்துவிட்டது.

உங்கள் அப்பாவிடமும் கேட்டேன். சிரித்தார். "மிசின் மட்டும் காணுமோ? என்ர ஈரலையும் கேளுமன். ரேடியோக்காரனே என்ர மணிக்கூட்டைப் பார்த்துத்தான் நேரம் சொல்லுறவன்."

தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் சனம் தீவை விட்டு வெளிக்கிட்டது. சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குத் தன் கடைசி வள்ளம் என்றார் யாக்கோப்பு அண்ணை. "நீர் வத்த முந்திப் போகோணும். ஆருக்காகவும் நிக்கமாட்டன்." உங்கள் அப்பா மணிக்கூட்டையும் கொண்டுபோவதாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், அவர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் மிசினைக் கழற்றிக் கொண்டுபோய் இரண்டையும் மாற்றினேன். நான்கு திருகாணிதான். முள்ளைச் சரியான நேரத்தில் வைத்தேன். ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வைக்கலாம் என்று நினைத்தேன். வைத்திருந்தால் குளித்துவிட்டு வந்ததும் கண்டுபிடித்திருப்பார்.

அவர் எதற்கும் பிந்தாதவர். முந்தியும் போகாதவர். மூன்று மணி வள்ளத்துக்கு இரண்டு ஐம்பதுக்குப் படலையைச் சாத்துவார். கையில் மணிக்கூடு கட்டமாட்டார். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை துறையில் யாக்கோப்பு அண்ணை ஆட்களை எண்ணினார். உங்கள் அப்பாவைக் காணவில்லை. "பரராசசிங்கத்தார் எங்கை? அந்த மனுசன் பிந்தாதே. ஆரும் ஓடிப்போய்ப் பாருங்கோ." வீடு ஐந்து நிமிட நடை. அவர் வந்து ஏறினால், யாழ்ப்பாணத்தில் மணிக்கூட்டைத் திறந்து பார்ப்பார். மிசினைத் திருப்பிக் கேட்பார். அம்மா என் தோளைத் தட்டி, "தம்பி, மணி என்ன?" என்றா.

"மூண்டு, அம்மா" என்றேன். பிறகு யாக்கோப்பு அண்ணையிடம், "அவர் காலமையே மற்ற வள்ளத்திலை போயிட்டார்" என்றேன்.

ஊரில் நின்றுவிட்ட ஒருவர் பிறகு சொன்னார். உங்கள் அப்பா மணிக்கூட்டைச் சால்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வெறும் துறையில் இருந்தாராம். ஷெல் அடி தொடங்கியும் எழும்பவில்லையாம். "நான் நேரத்துக்கு வந்திட்டன். வள்ளம்தான் பிந்துது" என்றாராம். அடுத்த ஷெல் துறையிலேயே விழுந்தது.

அம்மா இப்போது நேரம் கேட்பதில்லை. மணி அடிக்கும்போது விரல்விட்டு எண்ணிக்கொள்ளுவா. வீடு அமைதியாக இருக்கிறது. அக்கா, என்னைக் களவன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது. ஒன்றை எடுத்த இடத்தில் ஒன்றை வைத்துவிட்டுத்தான் வந்தேன். உங்கள் வீட்டில் எதுவும் குறையவில்லை.